பதினோரு கிராம்

அவள் ஓட்டுவதற்கு முன்
அந்த வட்டத்தை ஓட்டுபவன் நான்.
மணிக்கு அறுபதில்,
கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி,
பன்னிரண்டு கிலோமீட்டர்.
திருகாணி, கூழாங்கல், காட்டுமுயல்,
தாரின் மிச்சச் சூட்டில் படுத்திருக்கும் ஆள்காட்டிகள்.
ஆள் வருவதை ஊருக்குச் சொல்லும் பறவைக்கு
நானே போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது,
ஆள் வருகிறாள் என்று.
பிறகு வாக்கி டாக்கியில் ஒரே சொல்: காலி.

எம்ஸ்லாந்துச் சதுப்பின் மேல் போட்ட பாதை.
முழங்கால் உயரத்துக்கு மூடுபனி.
கொட்டகைக்குள் அது,
சாம்பல் நிறம், இரண்டே கதவு,
முன்னால் ஓர் எஞ்சின்,
பின்சீட் இருந்த இடத்தில் இன்னொன்று.
ஓர் உறையில் இரண்டு வாளா என்று கேட்டவர்களை
ருப்ரெக்ட் வாசலோடு அனுப்பிவிட்டார்.
இரண்டு சாவி.
எண்ணெய்ச் சூடு காட்ட இரண்டு முள்.
சுற்று எண்ண இரண்டு முள்.
கியர்க் கம்பி மட்டும் ஒன்று.
ஒரு கை அசைந்தால்
இரண்டு வயிறும் சேர்ந்து புரள வேண்டும்.

எட்டு பிஸ்டனையும் ஒரு சின்னத் தராசில் வைத்து
கிராம் கிராமாகச் சுரண்டிச் சமன் செய்தவர் அவர்.
பக்கக் கண்ணாடிகள் போயின.
பக்கத்துச் சீட் போனது.
ஒருநாள் வீப்கேயின் காதுத் தோட்டையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவள் கழற்றவில்லை.

போன மாதம் முந்நூற்று எண்பத்தெட்டு.
இன்று நானூறு.
பன்னிரண்டுதானே என்றேன்.
'முதல் இருநூறைக் காற்று கடனாகத் தரும்' என்றார்,
'கடைசிப் பன்னிரண்டில்
வட்டிக்கு வட்டி போட்டு வாங்கிவிடும்.'

கிளம்பியபோது இரண்டு குரல் கேட்டது.
பின்னது முந்தியது,
முன்னது பிந்தியது,
ஒரே வாக்கியத்தை இருவர் மாறி மாறித் திருத்துவது போல.
மூன்றாம் சுற்றில் சண்டை நின்றது.
சரிவின் ஓரத்தில் நின்றிருந்தேன்.
முதலில் வந்தது வண்டிதான்,
சத்தம் அதைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தது.
என் தொப்பி
எந்தப் பக்கம் போனதென்று இன்றும் தெரியாது.

பிறகு அந்த ஒற்றைக் குரல்
சட்டென்று தாழ்ந்தது.

முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று புள்ளி நான்கு.

'ஏன் காலை எடுத்தாய்?'
ருப்ரெக்டின் கழுத்து சிவந்திருந்தது.
வீப்கே கையுறையை விரல் விரலாக உருவினாள்.
'இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நின்றன.
எது எந்த எஞ்சின் என்று தெரியவில்லை.
தெரியாததை மிதிக்க மனம் வரவில்லை.'
'மனம்!' என்றார் அவர்.
'பத்து மணிக்கு மறுபடி.'

மறுபடி என்றால்
மறுபடியும் நான்தான் முதலில்.
அறுபதில், தலையை வெளியே நீட்டி.
பனி விலகியிருந்தது.
வடக்குச் சரிவில், மேல் கோட்டை ஒட்டி,
முயலின் காது போல ஏதோ கிடந்தது.
அசையவில்லை. இறங்கிப் போய்த் தொட்டேன்.
ரப்பர். இன்னும் சூடு ஆறாதது.
ஓரம் கடித்து இழுத்தது போல் பிய்ந்திருந்தது.

காலி என்று சொல்லவில்லை.
வாக்கி டாக்கி இரண்டு முறை என் பெயரைக் கூப்பிட்டது.
எய்லெர்ட்.
எய்லெர்ட்.

கொட்டகையில் காலை உணவு விரித்திருந்தது.
ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் அதை வைத்தேன்.
வீப்கே ஒரு முறை பார்த்தாள்,
பிறகு தன் வலது பாதத்தைப் பார்த்தாள்.

ருப்ரெக்ட் எழுந்து போய்த் தராசைக் கொண்டுவந்தார்.
அதில் அதை வைத்தார், பிஸ்டனை வைப்பது போலவே,
இரண்டு விரலால், மெதுவாக.
முள் நடுங்கி நின்றது.
நோட்டில் 393.4 என்று எழுதியிருந்த வரியின் கீழே
பதினோரு கிராம் என்று எழுதினார்.
அடிக்கோடு போட்டார்.
பேனா மூடியைத் தேடினார், கிடைக்கவில்லை.

'வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளுங்கள்'
என்றாள் வீப்கே.
தள்ளியது யார் என்று நினைவில்லை.