பதினாறு பல்

மழை நாளில்தான் பல் கேட்டு வருவார்கள்.
வேலை ஓடாத நாள்.
லாண்டைலோ சந்தைத் தெருவுக்குப் பின்னால்
டிராக்டர் பெல்ட்டுகள் தொங்கும் என் கடைக்குள்
பழைய பற்களை ஜாம் பாட்டிலில் போட்டு
குலுக்கிக்கொண்டே நுழைவார்கள்.

கவுண்டரில் கொட்டச் சொல்வேன்.
முனை வழுவழுத்து உருண்டிருந்தால் மணல்.
ஓரம் சில்லுச் சில்லாய்ப் பெயர்ந்திருந்தால் கல்.
கார்பைடு முனை அப்படியே இருக்க
அதைத் தாங்கும் எஃகுக் கழுத்து மட்டும் அரித்துப்போயிருந்தால்
அவசரக்காரன்,
அடிக்கட்டையோடு மண்ணையும் சேர்த்து
ஒரே மூச்சில் அரைத்தவன்.
ஒருமுறை ஒரு பல்லின் இடுக்கில் செம்பு மினுங்கியது.
அந்தத் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை என்று
எனக்கு முன்பே தெரியும்.
யார் என்பதுதான் அன்றைக்குத் தெரிந்தது.

மெரெரிட் பியூ கொண்டுவந்தது ஒரே ஒரு பல்,
கைக்குட்டையில் சுற்றி.
முனை என்று ஒன்று இல்லை.
"மத்ததெல்லாம்?"
"எந்திரத்திலேயே இருக்கு. இதைவிட மோசம்."

ஏலத்தில் எடுத்த எந்திரம்.
நோய் விழுந்து பட்டுப்போன நாற்பத்தொரு ஆஷ் மரங்கள்.
நாற்பதை முடித்துவிட்டாள்.
மிச்சம், வாசல் கேட்டருகே ஒன்று.

"கூரா, முரடா?" என்றேன்.
கூர்ப்பல் சுத்தமான மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்;
ஒரு கூழாங்கல் போதும், கதை முடிந்தது.
முரட்டுப்பல் கல்லுக்கு அஞ்சாது,
ஆனால் முழங்கை வரை உதறும், பொழுது சாய்ந்துவிடும்.
மூன்றாவது, உருண்டைப் பல்:
ஒரு பக்கம் மழுங்கினால் நட்டைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம்,
ஒரு பல்லுக்கு மூன்று ஆயுள்,
விலையும் அப்படித்தான்.

"இதில் எது நல்லது?"

முப்பது வருடமாய் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.
பல்லுக்குறுதி எதுவென்று மண்ணைத்தான் கேட்க வேண்டும்.
"கட்டைக்குள் என்ன இருக்கு?"
"மரம்தான், வேறென்ன?"
பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.
"ஒரு சங்கிலி இருக்கும்.
நாய்ச் சங்கிலி. எமிர் சுற்றிக் கட்டினது.
நாய் எண்பத்தொன்பதில் செத்தது,
யாரும் அவிழ்க்கலை, மரம் பருத்து முழுங்கிடுச்சு."

எமிர் அவள் தம்பி. கால்கரியில் இருக்கிறான்.
பாதி நிலம் அவன் பேரில்.

எந்த உயரம் என்று கேட்டேன்.
முழங்காலைக் காட்டினாள்,
கை அங்கிருந்து மெதுவாய் இறங்கி
கணுக்காலில் நின்றது.
"மண் ஏறியிருக்கு."

சுற்றிலும் தோண்டி, சங்கிலியை அறுத்து எடு,
பிறகு எந்தப் பல்லும் சரிதான் என்றேன்.
"சனிக்கிழமை சர்வேக்காரன் வர்றான்."
அப்படியானால் முரடு.
"பாதி முரடு, பாதி கூர் தாயேன்."
கலந்து போட்டால் சக்கரம் ஆடும்,
போல்ட்டு பிய்த்துக்கொண்டு உன் தாடையைத் தேடி வரும்.

கடைசியில் உருண்டை. இடம் எட்டு, வலம் எட்டு.
ஐந்து பவுண்டு நோட்டுகளாய் எண்ணி வைத்தாள்.
எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை
அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை, அதே மழை.
கவுண்டரில் இரண்டு பல், இரண்டும் பொக்கை.
நடுவே ஒன்றரை வளையம் சங்கிலி.
வெளியே துருவேறிய கறுப்பு;
வெட்டுப்பட்ட முகம் மட்டும் புதுக் காசு.
"ரெண்டில் எது இதைக் கடிச்சது?"

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.
பார்த்தால் எனக்குத் தெரியும், எப்போதும்.
"தெரியலை" என்றேன்.

புதுசு இரண்டு எடுத்து வைத்தேன்.
பழையதைத் தராசுக்குப் பக்கத்துப் பழைய இரும்பு டப்பாவில் போடச் சொன்னாள்.
வளையம் அவள் கோட்டுப் பைக்குள் போனது.
பில்லில் அது இல்லை.

உள்ளிருந்து யெஸ்டின் கத்தினான்:
"கட்டை ஒழிஞ்சுதா?"
"பாதி" என்றாள்,
"மழை விட்டா மீதி."
கதவருகே கொஞ்ச நேரம் நின்றாள்.
மழை விடுகிற மாதிரி இல்லை.
அவளுக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.