குரல் ஓய்வு

இரண்டு கிழமை பேசக்கூடாது என்றார் டாக்குத்தர்.
கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல்.
குரல்நாணில் இரண்டு முடிச்சு.
கடுகைவிடச் சிறிது.
இருபத்திரண்டு வருசம் கத்திக் கத்தி
நான் விளைவித்தது இவ்வளவுதானா.

லீவுப் படிவத்தில்
'கடமையைப் பொறுப்பேற்பவர்' என்று ஒரு கோடு.
அதில் எழுத ஒரு பெயரில்லை.
மூன்றாம் தர ரீச்சர் பிரசவ லீவு.
ஐந்தாம் தரத்துச் சேர் மாற்றலாகி மாசியோடு போனவர்.
மிஞ்சியது கோணாமலை அதிபர்;
புலமைப்பரிசில் வினாத்தாளும் பிரஷர் குளிசையும்
அவருக்கு ஒரே சட்டைப்பைக்குள்.

படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

காலை ஆறு நாற்பது. குருமண்வெளித் துறை.
மோட்டார்சைக்கிள் நிறைந்து
பாதை மண்டூர்ப் பக்கம் நகர்கிறது.
முக்கால்வாசியும் ரீச்சர்மார்.
ஹெல்மெற் கழற்றாமல்
சீற்றில் கொப்பி வைத்துத் திருத்துகிறாள் ரஜிதமலர்.
இன்னொருத்தி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து
உதட்டை மட்டும் நனைத்து மூடுகிறாள்.
ஒன்றரை மணிவரை தாங்கவேண்டும்;
எங்கள் மலசலகூடத்துக்கு இன்னும் கதவு வரவில்லை.
சுற்றிவர வாவி நிறையத் தண்ணீர்.

நாலாம் தரம். முப்பத்தெட்டுப் பேர்.
கரும்பலகையில் எழுதினேன்:
ரீச்சருக்குத் தொண்டை வருத்தம்.
முன்வாங்கு டிலுக்சிகா அதை உரக்க வாசித்தாள்.
கடைசிச் சொல்லில் தானாகவே குரலைத் தாழ்த்தினாள்,
என் தொண்டைக்குள் ஒரு பிள்ளை நித்திரை போல.
பத்தரைக்குள் வகுப்பு முழுவதும்
ஏழாம் வாய்ப்பாட்டைக் கிசுகிசுத்தது.
ஏழேழு நாற்பத்தொன்பது.
தட்டிக்கு அந்தப் பக்கம்
கத்திக்கொண்டிருந்தார் அதிபர்.

அன்றைக்கென்று வலயத்திலிருந்து வந்தார்கள்.
பத்து நிமிடம் பின்வாங்கில் இருந்தார்கள்.
பதிவேட்டில்:
'வகுப்பறை அமைதி பாராட்டத்தக்கது.
ஆசிரியரின் குரல் போதாது.
பாடக்குறிப்பு இரண்டு கிழமை பிந்தியுள்ளது.'
மூன்றும் உண்மை. ஒப்பம் வைத்தேன்.

திரும்பி வருகையில், நடு வாவியில்
ஃபோன் அடிக்கிறது. மகன்.
பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்துவிட்டேன்.
அம்மா, திறப்பை எங்க வைச்ச நீங்க?
அம்மா?
வாயைத் திறக்கிறேன், மூடுகிறேன்.
பக்கத்தில் ரஜிதமலர்
கொப்பிக்கட்டில் தலை வைத்துத் தூங்குகிறாள்.

எஞ்சின் சத்தமம்மா, ஒண்டும் கேக்குதில்ல.
கரைக்கு வந்தோண்ண எடுங்க.