உண்மையான கடைசி

ஜம்பட்டா வீதி, மாஹிர் நானாவின் அச்சுக்கடை.
உலகம் முடியப்போகிற வரைபடம்
என்னுடைய கணினியில்தான் இருக்கிறது.
பத்தடிக்கு நாலடி. ஓரத்தில் எட்டுக் கண்ணித்துளை.

பாஸ்டர் துரைசிங்கம் முதன்முதலாக வந்தபோது
கோப்புக்குக் ‘கடைசி’ என்று பெயர் வைத்தேன்.
பிறகு ‘கடைசி-2’.
பிறகு ‘உண்மையான கடைசி’.
இன்றைக்குத் திறந்திருப்பது ‘உண்மையான கடைசி-4’.

மிருகத்தின் பத்துக் கொம்பிலும்
ஐரோப்பியக் கொடிகளை ஒட்டினோம் ஒரு வருடம்.
கொடிகள் கூடி, கொம்பு போதாமல்,
பாதியைக் கழற்றினோம்.
இங்கிலாந்து தானாகவே கழன்றது;
எனக்கு வேலை மிச்சம்.
பாபிலோன் இரண்டு தரம் வீடு மாறிற்று.
மாகோகு மட்டும்
வடக்கில், குளிரில், அசையாமல்.

“ரஷ்யாவை இன்னும் கடுஞ்சிவப்பாக்குங்கோ தங்கச்சி.
ஈரான் கறுப்பு.
ஐப்பிராத்துக்கு இந்தப் பக்கம் முழுக்கப் பச்சை.”
பச்சை என்று சொன்ன பிறகுதான்
கல்லாப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

நானாவின் மூத்தவன் அந்தப் பச்சைக்குள் இருக்கிறான்,
தோஹாவில், லிஃப்ட் பூட்டுகிற வேலை.
ஐந்தாந்தேதி அவன் அனுப்புகிற காசில்
எங்கள் கரண்ட் பில்.
நானா தலை நிமிரவில்லை.
“பச்சை மை நிறையக் குடிக்கும் பாஸ்டர்,
சதுர அடிக்குப் பத்து ரூபா கூடும்.”
இளம்பச்சை போதும் என்று முடிவாயிற்று.

கிழக்கின் ராஜாக்களுக்கு மஞ்சள்.
மஞ்சள் மைப் புட்டி, ஃப்ளெக்ஸ் சுருள்,
தலை அடைத்துக்கொண்டால் ஊற்றுகிற திரவம்
எல்லாம் அந்த ராஜாக்களின் ஊர்ச் சரக்கு.
நாட்டில் டொலர் இல்லாத வருடம்
நாலு மாதம் மை வரவில்லை.
பாஸ்டரின் முடிவும்
நாலு மாதம் பிந்திற்று.

“எங்கட நாடு எங்க பாஸ்டர்?”

அவர் திரைக்குக் கிட்ட வந்தார்.
இந்து சமுத்திரத்தின் மேல் விளக்கக் கட்டம்:
சபையின் தொலைபேசி எண்,
ஞாயிறு ஆராதனை காலை ஒன்பது மணி.
அதற்குக் கீழேதான் கிடந்தது.
“வசனத்தில இல்லை.
தர்ஷீஸ் எண்டால் காலிதான் எண்டு சிலர் சொல்லுகினம்.”
“காலியா?” நானா இப்போதுதான் நிமிர்ந்தார்.
“ஊரா, வெறுமையா?”
பாஸ்டரும் சிரித்துவிட்டார்.
“நிச்சயமில்லாததைப் போடாதேங்கோ.”

நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்காரி.
எங்களுக்கு ஒரு உயிர்த்த ஞாயிறு
பூசை நடுவில்
அது நடந்தது.
கிழக்கிலிருந்து எந்த ராஜாவும் வரவில்லை.
முதுகுப்பையோடு ஒருவன் வந்தான்.
ஆறு கிழமை நானா கடை திறக்கவில்லை.
திறந்த அன்று முதல் வேலை
ஒரே வீட்டில் மூன்று பேருக்கு நினைவுப் பதாகை.
ஓரங்களைத் தானே வெட்டுவேன் என்றார்.
கத்தி இரண்டு தரம் கோணிற்று.
நான் திரும்பி
மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்டர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம்
விளக்கக் கட்டத்தை இடப்பக்கம் இழுத்துவிட்டேன்,
ஒன்றுமே இல்லாத கடலுக்கு.
தீவு வெளியே வந்தது.
என்ன நிறம் கொடுப்பது?
கொடுக்கவில்லை.
அச்சடி என்று அமத்தினேன்.

இயந்திரம் ஒரு மணித்தியாலம்
போய்ப் போய் வந்தது.
முதலில் மாகோகு இறங்கினான், ஈரமாக.
கடைசியாகக் கடல்.

மேசையில் விரித்த உலகத்தில்
பாஸ்டர் குனிந்து குனிந்து பார்த்தார்.
இந்தியாவுக்குக் கீழே விரல் நின்றது.
வெள்ளையாய் ஒரு சொட்டு.
நகத்தால் சுரண்டினார்.

“இதில மை படயில்லையோ?”

“ஓம் பாஸ்டர்,” என்றேன்.
“அந்த இடத்தில மை படயில்லை.”

சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.
உலகத்தின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
மீதிக் காசு அடுத்த மாதம் என்றார்.
நானா கடன் கொப்பியில் எழுதிக்கொண்டார்,
தேதி போட்டு.