நானூற்று ஒன்று

கெரிஞ்சி. பதினேழாம் மாடி.
எதிர்க் கட்டடத்தை மழை அழித்துக்கொண்டிருக்கிறது.
பாதி குடித்த தே ஓ ஐஸை என் மேசையில் விட்டுவிட்டு
வெய் செர்ன் ரயிலுக்கு ஓடிவிட்டான்.

மறுக்க எங்களிடம் எண்கள் உண்டு.
நானூற்று மூன்று: உன்னைத் தெரியும், விட மாட்டேன்.
நானூற்று நான்கு: அப்படி ஓர் அறையே இங்கில்லை.
இருக்கிற அறைக்கும் சில சமயம் இதையே சொல்வோம்.
நானூற்று ஒன்றுதான்
யார் நீ என்று கேட்கும்.
மூன்றில் அதற்கு மட்டும் கொஞ்சம் மரியாதை தெரியும்
என்று நினைத்திருந்தேன்.

செந்தூலில் ஒரு டயாலிசிஸ் மையம்; அதன் முன்பதிவுத் தளம்.
நேற்றிரவு இரண்டு பதினொன்றிலிருந்து
ஒரே கைப்பேசி, ஒரே கதவு, பத்தொன்பது முறை.
டோக்கன் காலாவதி. டோக்கன் காலாவதி.
எவனோ பூட்டை நோண்டுகிறான், அடைத்துவிடு
என்று போகிற போக்கில் சொன்னான் வெய் செர்ன்.

நோண்டுகிறவன் இவ்வளவு நிதானமாகவா?
தட்டலுக்கும் தட்டலுக்கும் நடுவே ஐந்து நிமிடம்.
மறுப்புகளை மட்டும் வடிகட்டிப் பார்த்திருக்கிறோம்.
வடிகட்டியை எடுத்தால்
இடையிடையே கடவுச்சொல்,
ஒவ்வொரு முறையும் சரியாக.

செபமாலை த/பெ அந்தோணி.
செவ்வாய்க்கிழமையை வேறு நாளுக்கு மாற்றக் கேட்கும் படிவம்.
'காரணம்' என்றொரு கட்டம்; நிரப்பாமல் அனுப்ப முடியாது.
அதில் அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டியபோது
சர்வருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.
மூன்று நிமிடம் சத்தமில்லை என்றால்
ஆளில்லை
என்று எழுதியது நான்.
அனுப்பு என்றதும்: யார் நீ?
சொன்னார்.
வாசலில் கொண்டுபோய் விட்டோம்.
மறுபடி அதே படிவம், வெறுமையாக.
மூன்று நாற்பத்தொன்றுக்குப் பிறகு அவர் தட்டவில்லை.

மூன்றை முப்பதாக்கினேன்.
எழுதியதை அவர் கைப்பேசியிலேயே காத்துவை,
போகவிருந்த இடத்தை மறக்காதே,
பெயர் சொன்னதும் அங்கேயே கொண்டு விடு,
அந்த இடம் நம் வீட்டுக்குள்தானா என்று மட்டும் பார்த்துக்கொள்.
பதினோரு வரி. சோதனைகள் எல்லாம் பச்சை.

பத்தொன்பது முறை எழுதிய காரணம்
எங்கும் பதிவாகவில்லை.
நாளை செவ்வாய். காலை ஏழு மணி, ஆறாம் நாற்காலி
அவர் பெயரிலேயே இருக்கிறது.

மையத்துக்கு ஃபோன் போட்டேன்.
"செபமாலைங்களா? நீங்க யாரு,
அவருக்கு என்ன வேணும்?"

வாய்க்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்டிருக்காது.
ஹலோ, என்றாள்.
ஹலோ?