நடைக்கு ஆயிரத்து எண்ணூறு

தச்சநல்லூர் பக்கம் என்றால் நடைக்கு ஆயிரத்து எண்ணூறு.
ராமையன்பட்டிக் கிடங்கு என்றால் இரண்டாயிரத்து ஐநூறு,
அங்கே உள்ளே விடுவார்களா என்பது தனி.
ராத்திரி பெட்டி வாசலிலேயே நிற்க வேண்டுமென்றால்
முந்நூறு சேர்த்து.
இசக்கிராஜ் இதையெல்லாம்
டிராக்டர் எஞ்சினை அணைக்காமலே சொன்னான்.
நானும் கத்தித்தான் சம்மதித்தேன்.

மூன்று வருஷம் ஒழுகிய மட்டப்பா
ஒரே பகலில் இறங்கியது.
உளுத்த உத்தரம், உளுக்காத உத்தரம் என்று
மரக்கடைக்காரர் தட்டித் தட்டி விலை சொன்னார்.
மீதியெல்லாம் காரை, செங்கல், கருப்பட்டி நிறத்துத் தூசி,
உயிரோடு ஒரு ஓணான்.
சித்தாள் பேச்சித்தாய் சட்டி சட்டியாய்ப் பெட்டியில் கொட்டினாள்.
பாதி நிறைவதற்குள் இருட்டிவிட்டது.

அன்று ராத்திரி
கூரையில்லாத அறையில் நானும் மகளும் படுத்தோம்.
கூரை மழையை மட்டும் தடுக்கவில்லை என்று
அப்போதுதான் தெரிந்தது.
தெரு முழுக்க வீட்டுக்குள் இருந்தது.
யார் வீட்டுக் குக்கர், யார் வீட்டு இருமல்,
எந்த பைக்குக்கு ஸ்டாண்டு விழ மறுக்கிறது.

பதினொன்றரைக்கு முதல் சத்தம்.
டங். பீங்கான்.
செருப்பைத் தேய்த்து நடப்பது எதிர்வீட்டுப் பரமசிவம் சார்.
அவர் கக்கூஸ் மாற்றியது போன தையில்.
அடுத்து எதுவோ நொறுங்கியது.
"பைய போடுல, அக்கா முழிச்சிரும்."
முழித்துக்கொண்டுதான் கேட்டேன்.
அது பழைய டிவி.
மகள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.
ஓடுவது என் காசு, எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கதவைத் திறந்து ஒரு பிடி பிடிக்கத்தான் இருந்தேன்.

மூன்று மணி இருக்கும்.
செருப்புச் சத்தம் இல்லை.
எதையோ தரையோடு இழுத்துவருகிற சத்தம்,
நின்று நின்று.
பெட்டியின் விளிம்புக்கு ஏற்ற முடியாமல்
ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.
விழுந்தபோது டங்கென்றும் இல்லை, தொப்பென்றும் இல்லை;
உள்ளே தண்ணீர் ஒருமுறை புரண்டது.
போட்டவள் உடனே போகவில்லை.
யாரும்மா, என்றாள் மகள்.
தூங்கு, என்றேன்.

காலையில் பெட்டி குவிந்து நின்றது.
என் காரையில் பாதி இன்னும் முற்றத்தில்.
இசக்கிராஜ் ஒரு சுற்று வந்து பார்த்தான்.
"இது ஒரு வீட்டு ரப்பீஸ் மாதிரி தெரியலயேக்கா."
தெருவில் எல்லாரும் மும்முரமாகக் கோலம் போட்டார்கள்.
கோலம் போடாதவர்கள் பேப்பர் படித்தார்கள்.

தச்சநல்லூரில் பள்ளமாய் மனை வைத்திருந்த கோமதிநாயகம்
செங்கல்லை மட்டும் தட்டிக்கொள்ளச் சொன்னார்.
"மத்த சவத்தை இங்க போடாத, நாளைக்கு வீடு கெட்டுத எடம்."
பத்தரைக்கு டிராக்டர் மறுபடியும் எங்கள் தெருவில்.
பெட்டியில் கக்கூஸ், டிவி, ஒரு தண்ணீர் மெத்தை.

நான் சொல்லித்தான் ஹாரன் அடித்தான்.
கதவுகள் திறந்தன.
ஒருவருக்கும் ஒன்றும் அடையாளம் தெரியவில்லை.
"எவன் கொண்டாந்து போட்டானோ" என்றார் பரமசிவம் சார்,
தன் கக்கூஸைப் பார்த்து.
ஒவ்வொரு பேராய்ச் சொல்ல வாயைத் திறந்தேன்.

ஆவுடையம்மாள் தன் நிலைப்படியில் நின்றிருந்தாள்.
தலை இன்னும் சீவவில்லை.
அவள் வீட்டுக்காரர் போய் இருபத்தாறு நாள்.
அதற்கு முன் பதினாலு மாதம் அந்த மெத்தையில்.
கேட்டுவிட்டுப் போட்டிருந்தால்
வேண்டாமென்றா சொல்லியிருப்பேன்.
கேட்க முடியாமல்தானே மூன்று மணி.

ராமையன்பட்டிக்கே போ, என்றேன்.
"ரெண்டாயிரத்து ஐநூறுக்கா."
தெரியும்.
"அப்போ கக்கூஸு?"
அதையும் கொண்டு போ,
சாரிடம் ஐநூறு வாங்கிக்கொண்டு, என்றேன் சத்தமாக.
அவர் உள்ளே போய்விட்டார்.

வண்டி முக்கில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.
மெத்தையில் மிச்சமிருந்த தண்ணீர்
தெருவில் ஒரு கோடு விட்டிருந்தது.
அவள் வீட்டிலிருந்து இல்லை,
என் வாசலிலிருந்து.

முற்றத்தில் காரை
இன்னும் ஒரு நடைக்கு இருந்தது.
பேச்சித்தாய் சட்டியை எடுத்தாள்.