திருப்பும் குழு

வெள்ளி மாலை வாட்ஸ்அப்பில் வந்தது பட்டியல்.
தியேட்டர் இரண்டில் என் பெயர் இல்லை.
குடலிறக்கம், பித்தப்பை, எல்லாம்
தேதி குறிக்காமல் தள்ளிவைப்பு.
"மூட்லி, நாலாம் மாடி. திருப்பும் குழு."

திருப்புவது என்றால்
மூச்சுத் திணறும் ஆளைக் குப்புறப் போடுவது.
ஐந்து பேர் வேண்டும்.
தலைமாட்டில் நின்று சிஸ்டர் மபாசோ எண்ணுவார், ஸூலுவில்:
குன்யே, குபிலி, குத்தாத்து.
மூன்றில் புரட்டுவோம்.

வயிறு திறக்கப் பழகியவளுக்கு
இப்போது முதுகுகள்.
ஒன்றில் பழைய தையல் தழும்பு.
யார் போட்டதோ, கோணல்.
பிடித்துத்தான் இருக்கிறது இத்தனை வருஷமாய்.

மதியம் போன் வேலை.
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு மகள்:
"அப்பா சாப்பிட்டாரா டாக்டர்?"
தயிர் கொஞ்சம், என்றேன்.
அரை ஸ்பூன்.

இரவு எட்டுக்கு டர்பன் முழுக்க மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமிப் பிடிக்கும்வரை
இருட்டில் நானும் எண்ணினேன், ஸூலுவில்.
மூன்றுக்கு மேல் தெரியாது.
திரும்பத் திரும்ப மூன்று.

விடியும் முன் பன்னிரண்டாம் கட்டில் காலி.
மூக்குக்கண்ணாடி, செருப்பு,
சுரண்டாத ஏர்டைம் சீட்டு ஒன்று,
எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில்.
வாயைக் கட்டும்போது விரல்கள் தாமாகவே
ஒற்றைக்கை முடிச்சுப் போட்டன,
அதன்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று.
அறையின் அலமாரிப் பிடியில்
மாதக்கணக்காய்ப் பழகியது.

மபாசோ பார்த்தார்.
"வீட்டில் இதை யாராவது பிரிக்க வேண்டுமே."

கத்தரி கேட்டேன்.
வெட்டிவிட்டு
இழுத்தால் அவிழும்படி
மறுபடி கட்டினேன்.