ஏழாம் எண் வால்வு

அல்கோரிலிருந்து மேற்கே போனால்
காப்பகத்தின் பச்சைப் பலகை வரும். அங்கே வேலி.
வேலி முடிந்து பதினொரு கிலோமீட்டரில் நாங்கள்.
நகரம் குளித்ததும் கழித்ததும்
மூன்று தொட்டி தாண்டி வந்து
ஒட்டகத்துக்குப் புல்லாகிற பண்ணை.
வரைபடத்தில் எங்களுக்குச் சாம்பல் நிறம்.

ஏழாம் எண் வால்வு எப்போதிலிருந்து கசிகிறது,
எனக்குத் தெரியாது.
எனக்கு முன்னால் இருந்த ரொமேல்
பதிவேட்டில் எழுதியிருந்தான்:
'கேஸ்கட் ஆர்டர் செய்யப்பட்டுள்ளது.'
நானும் வாராவாரம் அதையே எழுதினேன்,
ஆறு வருடம்,
கையெழுத்து மட்டும் மாறியது.

சொட்டு ஈரமாகி, ஈரம் குட்டையாகி,
குட்டையில் நாணல் வந்தது.
யாரும் விதைக்கவில்லை.
நாணலுக்குள் நீர்க்கோழி.
பனிக்காலத்தில் நெடுங்கால் உள்ளான்கள்
சிவப்புக் குச்சிமேல் நிற்பதுபோல் நின்றன.
ஒரு ஜனவரியில் பதினேழு பூநாரைகள்,
இரண்டே நாள்,
மூன்றாம் நாள் டேங்கர் ஹாரன் அடித்தது.

வால்வுக்கு ஒரு முழம் தள்ளி, சரளையில்,
ஆட்காட்டி முட்டையிட்டது. நாலு.
கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல்
டேங்கரைப் பின்னால் எடுப்பார்கள் என்று
ஆரஞ்சுக் கூம்பு ஒன்றை அங்கே வைத்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

ஏப்ரலில் தோஹாவிலிருந்து இரண்டு வண்டி வந்தது.
மௌஸா என்கிற அதிகாரி, கழுத்தில் தொலைநோக்கி,
கையில் படிவம்.
வேலிக்கு வெளியே இருக்கும் உயிர்களையும்
இனிமேல் கணக்கில் சேர்க்கப்போகிறார்களாம்.
'இந்த இடத்தின் நோக்கம்?'
மேனேஜர் சுக்விந்தர் சொன்னார், புல்.
'பறவைகளுக்காக என்ன செய்கிறீர்கள்?'
'ஒன்றும் செய்வதில்லை, மேடம்.'
அவர் சிரித்தார். அதுதான் வேண்டும் என்றார்.
காக்க நினைக்காமலே காக்கிற இடங்களுக்கென்று
தனியாக ஒரு பட்டியல் வருகிறதாம்.
சுக்விந்தர் தாடியைத் தடவினார்.
ஒன்றும் செய்யாததற்கு யாரும்
அவரை அதுவரை பாராட்டியதில்லை.

அடுத்த கட்டம்:
'நீர் எங்கிருந்து வருகிறது? நிரந்தரமானதா?'

யாரும் பேசவில்லை.
ஆட்காட்டி பேசியது.
சரளையிலிருந்து எழும்பி
எங்கள் தலைக்குமேல் வட்டமடித்து
ஊர் கூடட்டும் என்று கத்தியது.
பேரைப் பார், ஆட்காட்டி.
காட்டிக்கொடுத்தது நேராக ஏழாம் எண்ணை.

மௌஸா கூம்பைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார்,
பிறகு வால்வின் கழுத்தில் வழிகிற நீரை.
'கூம்பு யார் வைத்தது?'
பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கை தூக்கினேன்.
'பெயர்?'
'வேதமாணிக்கம்.'
மூன்று தடவை சொல்லி எழுதவைத்தேன்.
'பராமரிப்பவர்' என்ற கட்டத்தில்
அரபி எழுத்தில் நான் எப்படி இருக்கிறேன்,
எனக்குப் படிக்கத் தெரியாது.

நீர் பற்றிய கட்டத்தை அவர் நிரப்பவில்லை.
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.
ஒழுகலை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று
வண்டியில் ஏறும்போதும் பேசிக்கொண்டே போனார்கள்.

சுக்விந்தர் அன்றிரவே கணக்குப் போட்டார்:
ஒரு நாளைக்கு இத்தனை கன மீட்டர் வீண்,
தணிக்கைக்காரன் பார்த்தால் என்ன சொல்வான்.

பன்னிரண்டாம் நாள்
கூரியரில் ஒரு சிறு பெட்டி.
ஆறு வருடம் வராத கேஸ்கட்
பிளாஸ்டிக் உறைக்குள் கறுப்பாகப் பளபளத்தது.
வியாழனுக்குள் மாற்றிவிடு என்று தாள் ஒட்டியிருந்தது.

ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போனேன்.
போல்ட்டைத் தளர்த்தி
வளையத்தை வைத்துப் பார்த்தேன், எடுத்தேன்,
திருப்பி வைத்துப் பார்த்தேன்.
ஆட்காட்டி தலைக்குமேல் கிழிந்துகொண்டிருந்தது.
கூம்பு வைத்தவனும் இவனும்
அதற்கு ஒரே ஆள்தான்.

போல்ட்டை இறுக்கினேன்.
நாணலில் ஏதோ சளக்கென்றது.

பதிவேட்டில் எழுதினேன்:
'அளவு பொருந்தவில்லை.
வேறு கேஸ்கட் ஆர்டர் செய்யப்பட்டுள்ளது.'

பொருந்தியிருந்தது.
மயிரிழை பிசகாமல்.